1920களின் லண்டனில் ஒரு பெண் கும்பல்: மேசைப் பாத்திர விளையாட்டு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகடை, காகிதம், பேச்சு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் பாத்திர விளையாட்டுகளில், மாயமந்திரமும் டிராகனும் இல்லாத, குற்றமும் வறுமையும் நிறைந்த ஆட்டங்களுக்கென்று ஓர் ஈர்ப்பு உண்டு. எங்கள் குழு ஆடிவருவது அத்தகைய ஒன்று: 1920களின் லண்டனில் கடைத்திருட்டில் ஈடுபடும் ஒரு பெண் கும்பலின் கதை. அதைப் பற்றிக் கேள்விப்படுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மேசைப் பாத்திர விளையாட்டு என்றால் என்ன? இதில் யார் ஜெயிப்பார்கள்?

ஒருவரைத் தவிர மற்ற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன சொல்கிறது, என்ன செய்கிறது என்பதைத் தாங்களே தீர்மானிப்பார்கள். மீதமுள்ள ஒருவர் கேம் மாஸ்டர்; உலகத்தையும், அதில் வரும் மற்ற மனிதர்களையும், செயல்களின் விளைவுகளையும் அவர் பார்த்துக்கொள்வார். முடிவு ஐயத்துக்குரியதாக இருக்கும்போது மட்டும் பகடை உருட்டப்படும். யாரும் ஜெயிப்பதில்லை. கதை எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகத்தான் ஆடுகிறோம்.

நீங்கள் முன்மாதிரியாகக் கொள்ளும் 'நாற்பது யானைகள்' என்ற கும்பல் உண்மையிலேயே இருந்ததா?

இருந்தது. தெற்கு லண்டனில் எலிஃபண்ட் அண்ட் காஸில் என்றொரு பகுதி இருக்கிறது. கும்பலின் பெயரில் வரும் யானை அங்கிருந்து வந்ததுதான். முழுக்க முழுக்கப் பெண்களால் ஆன இந்தக் கடைத்திருட்டுக் கும்பலைப் பற்றிச் செய்தித்தாளில் 1873ஆம் ஆண்டிலேயே குறிப்பு வந்துவிட்டது. 1950கள் வரை ஏதோ ஒரு வடிவத்தில் அது தொடர்ந்தது. அதே பகுதியில் இயங்கிய ஆண்கள் கும்பலோடு உறவும் உரசலும் இருந்தபோதிலும், தங்கள் தொழிலைப் பெண்கள் தாங்களே நடத்தினார்கள், தங்களுக்குள்ளிருந்தே ஒருத்தியை 'ராணி' என்று ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த ராணிகளில் புகழ்பெற்றவர் ஆலிஸ் டயமண்ட். 1896இல் லாம்பெத்தில், ஏழைகளுக்கான வேலைவிடுதியின் மருத்துவமனையில் பிறந்த இவர், அந்தக் காலத்துப் பெண்களுக்கு மிக அதிகமான உயரமுடையவர். விரல் நிறைய வைர மோதிரம் அணிந்திருப்பார் என்றும், அடிதடி வந்தால் அந்த மோதிரங்களே ஆயுதம் என்றும் சொல்வார்கள். அவருக்கு நெருக்கமானவர் மேகி ஹியூஸ். குழந்தை முகம் கொண்டவர் என்பதால் அதுவே பட்டப்பெயராயிற்று. 1925 டிசம்பரில் லாம்பெத்தில் கும்பலைச் சேர்ந்தவர்களே ஒரு குடும்பத்தின் வீட்டைத் தாக்கினார்கள். அந்த வழக்கில் இருவரும் 1926இல் சிறை சென்றார்கள். கடைத்திருட்டில் எத்தனையோ முறை நழுவியவர்களை, கும்பலின் உட்பகை சிறையில் தள்ளியது. கேம் மாஸ்டராக இருக்கப்போகிறவர்கள் இந்தச் சம்பவத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பேன், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் நல்ல அமர்வுகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன.

திருட்டுக் கும்பல் கதை என்றால் ஆண்களை வைத்தும் ஆடலாமே. பெண்கள் என்பதால் ஆட்டத்தில் உண்மையில் என்ன மாறுகிறது?

ஏறத்தாழ எல்லாமே மாறுகிறது. இதைப் புரிந்துகொள்ள அன்றைய கடைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1909 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் செல்ஃப்ரிட்ஜஸ் திறக்கப்பட்டபோது, பொருள்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிவைக்காமல், வாடிக்கையாளர் தொட்டுப் பார்க்கும்படி மேசைகளின் மேல் பரப்பி வைக்கும் வழக்கத்தை அந்தக் கடை பெரிய அளவில் கைக்கொண்டது. வேலைக்காரியின் துணையின்றி நடுத்தர வகுப்புப் பெண்கள் தனியாக வந்து, மணிக்கணக்கில் உலவி, தேநீர் அருந்திவிட்டுப் போகக்கூடிய இடமாகப் பல்பொருள் அங்காடி ஆனது. நல்ல உடை உடுத்தி, நல்ல பேச்சுப் பேசும் ஒரு பெண்ணைத் திருடி என்று ஐயுற்றுப் பிடிப்பதும், ஓர் ஆண் ஊழியர் அவள் உடலைச் சோதிப்பதும் கடைக்குப் பெரிய அவமானத்தைத் தேடித்தரக்கூடிய காரியங்கள். அந்தத் தயக்கத்தைத்தான் யானைகள் தங்கள் முதலீடாக்கிக்கொண்டார்கள். மேலங்கியிலும் பாவாடையிலும் உள்ளாடையிலும் ரகசியப் பைகள் தைத்து, குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் குழல் உறையிலும் தொப்பியிலும்கூடப் பொருளை ஒளித்துக்கொண்டு போனார்கள். மேற்கு லண்டன் கடைகள் அவர்களுடைய முகங்களை அடையாளம் காணத் தொடங்கியபோது ரயிலிலும் மோட்டார் காரிலும் வெளியூர்க் கடைகளுக்குச் சென்றார்கள்.

சட்டத்திலும் ஒரு விசித்திரம் இருந்தது. கணவன் உடனிருக்கும்போது மனைவி செய்யும் பலவகைக் குற்றங்களை, அவன் வற்புறுத்தியதால் செய்ததாகவே அனுமானிக்கும் பழைய மரபு இங்கிலாந்தில் நீடித்துவந்தது. 1925ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம்தான் அந்த அனுமானத்தை நீக்கியது. உங்கள் ஆட்டம் 1924இல் நடந்தால், வெளியே காரில் காத்திருக்க வேண்டிய கணவனைக் கடைக்குள் அழைத்துவருவதற்கு ஒரு சட்டக் காரணமும் கிடைத்துவிடுகிறது. 1918இல் வாக்குரிமை பெற்ற பெண்கள் 30 வயது நிரம்பி, சொத்துத் தகுதியும் உடையவர்கள் மட்டுமே; 21 வயதிலேயே ஆண்களுக்கு நிகராக வாக்களிக்க அவர்கள் 1928 வரை காத்திருந்தார்கள். உங்கள் மேசையிலுள்ள பாத்திரங்களில் பலருக்கு அந்த உரிமை இருக்காது. இதையெல்லாம் பாடமாக நடத்தத் தேவையில்லை. நீதிமன்றக் காட்சி வரும்போது, அங்கே யார் யாரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கேம் மாஸ்டர் அறிந்திருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்கள் கும்பல் கதைகளில் குடும்பம் என்பது வீட்டில் காத்திருக்கும் ஒன்றாகவே வரும். இங்கே குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேட்டைக்கு, அதாவது திருடுவதற்கு, போவது என்பதே ஒரு கேள்வி.

விதிகளுக்கு எந்த நூலைப் பயன்படுத்துகிறீர்கள்?

ஜான் ஹார்ப்பர் எழுதி 2017இல் வெளிவந்த பிளேட்ஸ் இன் த டார்க் என்ற விதி நூலை எடுத்துக்கொண்டு, எங்கள் களத்துக்குத் தகுந்தபடி கத்தரித்துக்கொண்டோம். அது டாஸ்க்வால் என்ற கற்பனை நகரில், ஆவிகள் நடமாடும் சூழலில், ஒரு திருட்டுக் கும்பலை நடத்துவதற்கான நூல். ஆவிகளை நீக்கிவிட்டால் மிச்சமிருப்பது எங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆவிகளோடு பேசும் விஸ்பர் என்ற பாத்திர வகையை விட்டுவிட்டு மற்ற ஆறு வகைகளை வைத்துக்கொள்கிறோம். பன்னிரண்டு செயல்திறன்களில் ஆவியுலகோடு தொடர்புடைய ஒன்றை மட்டும், கூட்டத்தின் மனநிலையை உணரும் திறனாக மாற்றிக்கொண்டோம். கும்பலுக்கென்று உள்ள வகைகளில், திருடர்களுக்கும் உளவாளிகளுக்குமான ஷேடோஸ் என்பதே நமக்கு உரியது.

இந்த நூலைத் தேர்ந்ததற்கு முதன்மைக் காரணம், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் இருப்பதைப்போல கும்பலுக்கும் தனியாக ஒரு தாள் இருப்பதுதான். கும்பலுக்குப் பெயர் உண்டு, மதிப்பு உண்டு, எதிரிகள் உண்டு, அது வளரும், தேயும். ஒருத்தி சிறைக்குப் போய் இன்னொருத்தி அவள் இடத்துக்கு வந்தாலும் கும்பல் தொடரும். யானைகளின் வரலாறும் ஏறத்தாழ அப்படிப்பட்டதே.

பகடை எப்படி வேலை செய்கிறது? ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்ல முடியுமா?

சாதாரண ஆறுமுகப் பகடைகள் போதும். ஒரு செயலில் உங்கள் பாத்திரத்துக்கு எத்தனை புள்ளிகளோ அத்தனை பகடைகளை உருட்டி, அவற்றில் உயர்ந்த எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். 6 விழுந்தால் நினைத்தது நடக்கிறது. 4 அல்லது 5 என்றால் நடக்கிறது, ஆனால் ஏதோ ஒரு தொல்லையும் கூடவே வருகிறது. 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் தொல்லை மட்டுமே. திறன் பூஜ்யமாக இருந்தால் இரண்டு பகடைகளை உருட்டித் தாழ்ந்த எண்ணை எடுக்க வேண்டும். உருட்டுவதற்கு முன்பே, நிலைமை எவ்வளவு ஆபத்தானது, ஜெயித்தால் எவ்வளவு பலன் என்பதைக் கேம் மாஸ்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இந்த வெளிப்படைத்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்போது ஒரு காட்சி. கிட்டி, வயலெட், டாலி மூவரும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஒரு கடையின் ரோம ஆடைப் பிரிவில் நிற்கிறார்கள். விற்பனைப் பெண் திரும்பிய நொடியில் ஒரு நரித்தோல் கழுத்துப்பட்டையைத் தன் மேலங்கிக்குள் தள்ளிவிட வேண்டும் என்கிறார் கிட்டியாக ஆடுபவர். நிலைமை ஆபத்தானது, பலன் வழக்கமானது என்று கேம் மாஸ்டர் சொல்கிறார். கிட்டிக்குக் கைநுணுக்கத்தில் இரண்டு புள்ளிகள்; தன்னை வருத்திக்கொண்டு இரண்டு அழுத்தப் புள்ளிகளை (பாத்திரத்தின் மனத்தில் சேரும் சுமையின் கணக்கு) ஏற்று, இன்னொரு பகடையைச் சேர்த்துக்கொள்கிறார். மூன்று பகடைகளில் 2, 4, 4 விழுகின்றன. பட்டை உள்ளே போய்விட்டது. ஆனால் கேம் மாஸ்டர் ஒரு தாளில் வட்டம் வரைந்து, அதை ஆறு கூறாகப் பிரித்து, 'கடைத் துப்பறிபவளின் சந்தேகம்' என்று பெயரிட்டு, இரண்டு கூறுகளைக் கறுப்பாக்குகிறார். வட்டம் முழுதும் கறுத்தால் சந்தேகம் முற்றிவிடும் என்பதால், மேசையிலுள்ள எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

துப்பறிபவளைப் பேச்சில் மடக்க வயலெட் முயல்கிறாள். அவளுக்குப் பேச்சுத் திறன் ஒன்றுதான். டாலி ஓர் அழுத்தப் புள்ளியை ஏற்று உதவிக்கு வருவதால் இரண்டு பகடைகள். 1, 3. துப்பறிபவள் மென்மையாகவே வயலெட்டின் முழங்கையைப் பிடித்து, மேலாளர் அறைக்கு வரும்படி சொல்கிறாள். இந்த விளைவை எதிர்க்க வயலெட்டுக்கு உரிமை உண்டு: மன உறுதிப் பகடைகளை உருட்ட வேண்டும், ஆறிலிருந்து உயர்ந்த எண்ணைக் கழித்தால் வருவதே அவள் தரவேண்டிய அழுத்தம். 4 விழுந்தது, இரண்டு புள்ளிகள் போயின. எதிர்த்ததற்கு ஈடாக, அறைக்குக் கூட்டிப்போகாமல், துப்பறிபவள் அங்கேயே நின்று விளக்கம் கேட்கிறாள் என்று கேம் மாஸ்டர் தணிக்கிறார். அப்போது டாலியாக ஆடுபவர் முன்கதை ஒன்றைக் கேட்கிறார்: முந்தைய நாள் இதே கடையில் ஒரு ஜோடிக் கையுறையை முறையாகக் காசு கொடுத்து வாங்கி, ரசீதை வயலெட்டின் கைப்பையில் வைத்திருந்தேன். ஓர் அழுத்தப் புள்ளிக்கு அந்த முன்கதை உண்மையாகிவிடுகிறது. ரசீதைப் பார்த்ததும் துப்பறிபவளின் குரல் தாழ்கிறது, வாடிக்கையாளரைச் சந்தேகித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாள். ஆனால் வயலெட்டின் முகத்தை அவள் இனி மறக்கமாட்டாள்.

திட்டமிடலுக்காக ஒரு மணிநேரம் வாதாடும் பழக்கமுள்ள குழுக்களுக்கு இந்த முன்கதை விதி ஒரு வரம். எதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியதில்லை. உங்கள் பாத்திரங்கள் தேர்ந்த திருடிகள், அவர்கள் யோசித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒளித்த பொருளை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

விதி நூலில் ஒவ்வொரு வேட்டைக்கும் முன்பு எவ்வளவு சுமையோடு போகிறோம் என்று சொல்ல வேண்டும்: மூன்று என்றால் இலகு, ஐந்து என்றால் வழக்கமானது, ஆறு என்றால் கனம். அங்கே அது கொண்டுபோகும் கருவிகளுக்கான கணக்கு. எங்கள் ஆட்டத்தில் பெண்கள் ஏறக்குறைய வெறுங்கையோடுதான் உள்ளே போகிறார்கள், வெளியே வரும்போதுதான் கனக்கிறது. ஆகவே கணக்கைத் திருப்பிப்போட்டோம். பட்டுத்துணிச் சுருளும் நகைப்பெட்டியும் ஒவ்வொன்று, ரோம மேலங்கி மூன்று. மூன்றுவரை நீங்கள் சாதாரணச் சீமாட்டி. ஐந்துவரை கொஞ்சம் பருமனான சீமாட்டி. ஆறாவது உள்ளே போன கணத்தில் உங்கள் நடை மாறிவிடுகிறது, அதன்பின் வாசலை நோக்கி நடக்கும் ஒவ்வோர் அடியும் பகடைக்கு உரியது. இன்னும் ஒரே ஒரு பொருள் என்ற ஆசையை இந்த விதி எவ்வளவு அழகாகத் தூண்டுகிறது என்பதை ஆடிப்பார்த்தால்தான் தெரியும். திருடிய பொருளைக் கும்பலில் யாரும் தானே அணிந்துகொள்ளக்கூடாது என்பது யானைகளின் வழக்கமாக இருந்தது என்று சொல்லப்படுகிறது. அதையும் சேர்த்துக்கொண்டால் ஆசைக்கு இன்னொரு முனை கிடைக்கும்.

கரடுமுரடான ஆட்டம் என்கிறீர்கள். அடிதடியும் கொலையும் நிறைய வருமா?

மிகக் குறைவாகத்தான் வரும். ஒரு கொலை நடந்துவிட்டால் போலீஸின் கவனத்தைக் குறிக்கும் ஹீட் என்ற மதிப்பு கூடுதலாக இரண்டு உயர்கிறது. ஒன்பதைத் தொட்டால் கும்பல் தேடப்படும் நிலை ஒருபடி ஏறுகிறது. ஆகவே அனுபவமுள்ள குழுக்கள் கத்தியை விரைவில் மறந்துவிடுகின்றன.

என் பார்வையில் இந்த ஆட்டத்தின் கடுமை, எந்தச் செயலுக்கும் யாரோ ஒருத்தி விலை கொடுத்தே ஆகவேண்டும் என்பதில் இருக்கிறது. மேலே சொன்ன காட்சியில் ஒரே ஒரு கழுத்துப்பட்டைக்காக மூவரும் சேர்ந்து ஆறு அழுத்தப் புள்ளிகளைச் செலவிட்டார்கள். அழுத்தத்தைக் குறிக்க ஒருத்தியின் தாளில் இருக்கும் கட்டங்கள் ஒன்பது. அவை நிறைந்தால் அவள் அந்த வேட்டையிலிருந்து விழுந்துவிடுகிறாள், நிரந்தரமான மனக்காயம் ஒன்றும் அவள் தாளில் எழுதப்படுகிறது: இரக்கமின்மை, சதா சந்தேகம், கண்மூடித் துணிச்சல் என்று எட்டு வகைகள் உண்டு. நான்காவது காயத்தோடு அவள் தொழிலை விட வேண்டியதுதான்.

அழுத்தத்தைக் குறைப்பதற்கு ஒரே வழி, வேட்டைகளுக்கு இடையில் தன் பலவீனத்துக்கு இடம்கொடுப்பது. சூதாட்டம், ஆடம்பரம், போதை ஆகியவற்றோடு, கடமை என்பதையும் விதி நூல் ஒரு பலவீனமாகவே பட்டியலிடுகிறது. எங்கள் மேசையில் அதிகம் தேர்ந்தெடுக்கப்படுவது அதுதான். நோயாளித் தாய்க்கோ, போரிலிருந்து திரும்பி வேலைக்குப் போகமுடியாத அண்ணனுக்கோ செய்வதில்தான் அந்தப் பெண்ணின் மனம் ஆறுகிறது. அந்த வாரம் அதற்கு நேரமோ காசோ இல்லாமல் போனால் அவள் வெடிக்கும் நிலைக்கு வருகிறாள்.

மிகக் கடுமையான விதி இன்னும் இருக்கிறது. தேடப்படும் நிலையைக் கீழே இறக்க வேண்டுமானால் கும்பலோடு தொடர்புடைய யாராவது ஒருவர் சிறைக்குப் போக வேண்டும். 1903 முதல் பெண்களுக்கு மட்டுமேயான ஹாலோவே சிறை லண்டனிலேயே இருந்தது, ஆகவே இடம் தேடவேண்டியதில்லை. யார் போவது என்ற பேச்சை ஒரு முழு அமர்வாகவே நடத்தலாம். குழந்தை இல்லாதவள் போகட்டும் என்பாள் ஒருத்தி. கடைசி வேட்டையைக் கெடுத்தவள் போகட்டும் என்பாள் இன்னொருத்தி. ராணி எப்போதும் போகமாட்டாள் என்பதை அப்போதுதான் ஒருத்தி உரக்கச் சொல்வாள்.

கும்பலுக்குள் விதிகள் வேண்டுமா?

வேண்டும், முதல் அமர்விலேயே ஆடுபவர்கள் சேர்ந்து நான்கைந்து விதிகளை எழுதிக்கொள்ள வேண்டும். யானைகளுக்கு அப்படி ஒரு நெறிமுறை இருந்ததாகச் சொல்லப்படுகிறது: வேட்டைக்கு முந்தைய இரவு குடிக்கக்கூடாது, வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், ஒருத்தியின் காதலனை இன்னொருத்தி கவரக்கூடாது. சிறையிலிருப்பவளின் வீட்டுக்கு யார், எவ்வளவு கொடுப்பது என்பதையும் எழுதிவைக்கும்படி நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு விதியும் எதிர்காலச் சண்டைக்கான விதை என்பதால், உடைக்க ஆசை வரக்கூடிய விதிகளாகப் பார்த்து எழுதுங்கள். யாரும் மீற விரும்பாத விதி ஆட்டத்துக்குப் பயன்படாது.

ஆண்கள் இதில் பெண் பாத்திரங்களை ஏற்று ஆடலாமா?

தாராளமாக. எங்கள் குழுவிலும் ஆடுகிறார்கள். குரலை மாற்றிப் பேசத் தேவையில்லை, கேலிக்கு இழுக்காமல் இருந்தால் போதும். பாத்திரத்துக்கு என்ன வேண்டும், அவள் எதற்கு அஞ்சுகிறாள் என்ற இரண்டையும் தெளிவாக வைத்திருப்பவர்கள் நன்றாகவே ஆடுகிறார்கள்.

இத்தகைய களத்தில் பாலியல் வன்முறை போன்றவற்றை எப்படிக் கையாள்கிறீர்கள்?

எங்கள் ஆட்டத்தில் அது கதைக்குள்ளேயே வராது. காட்சியாகவும் வராது, பின்னணியாகவும் வராது. பெண்களின் கதை கடுமையாக இருக்கவேண்டும் என்றால் இது இருந்தே ஆகவேண்டும் என்று எண்ணுவது எழுதுபவரின் சோம்பல் என்றே கருதுகிறேன். கூலி, கடன், சிறை, துரோகம், பசி ஆகியவை போதுமான அளவு கடுமையானவை.

பொதுவாக, முதல் அமர்வுக்கு முன்பே இரண்டு பட்டியல்கள் எழுதிக்கொள்கிறோம். ஒன்றில் ஆட்டத்தில் அறவே வரக்கூடாதவை. மற்றொன்றில் நடக்கலாம், ஆனால் விவரிக்காமல் திரைபோட்டுக் கடந்துவிட வேண்டியவை. ரான் எட்வர்ட்ஸ் என்ற வடிவமைப்பாளர் 2000களின் தொடக்கத்தில் முன்வைத்த முறை இது. மருத்துவமனைக் காட்சிகளும் குழந்தைகளுக்கு நேரும் தீங்கும் எங்கள் இரண்டாவது பட்டியலில் இருக்கின்றன. அத்துடன், ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் வடிவமைத்த எக்ஸ் அட்டையையும் மேசையின் நடுவில் வைக்கிறோம்: யார் அதைத் தொட்டாலும், காரணம் கேட்காமல், அப்போது பேசிக்கொண்டிருந்ததை நீக்கிவிட்டு ஆட்டம் தொடரும். நம் ஊரில் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத் தயங்குபவர்கள் அதிகம், அதிலும் மேசையில் வயதில் மூத்தவர் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஓர் அட்டையைத் தொடுவது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தை நாங்கள் நடத்துவதில்லை.

ஆலிஸ் டயமண்டையே பாத்திரமாக ஏற்று ஆடலாமா?

ஆடலாம், ஆனால் பரிந்துரைக்கமாட்டேன். அவருடைய முடிவு வரலாற்றில் எழுதப்பட்டுவிட்டதால் ஆடுபவரின் கை கட்டப்படுகிறது. யானைகளின் எல்லைக்குள் திருட முயலும் ஒரு சிறிய புதுக் கும்பலாக உங்கள் கும்பலை அமைத்துக்கொண்டு, அவரைத் தொலைவில், பெயரளவில் மட்டும் வைத்திருங்கள். தங்கள் பகுதியில் தொழில் செய்யும் பிறரிடம் யானைகள் பங்கு வசூலித்ததாகச் சொல்லப்படுவதால், முதல் வேட்டை முடிந்த மறுநாளே வாசலில் ஒரு பெண் வந்து நிற்பதற்குக் காரணம் கிடைத்துவிடும். கேம் மாஸ்டருக்கு வேறு வில்லனே தேவைப்படாது.

ஏன் லண்டன்? இதே ஆட்டத்தைப் பழைய மதராஸிலோ மதுரையிலோ வைத்து ஆடலாமே?

அடிக்கடி வரும் கேள்விதான். ஆசை எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் அவசரப்படக்கூடாது என்று நினைக்கிறேன். பிறப்பாலேயே திருடர்கள் என்று சில சமூகங்கள் முழுவதையும் முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச்சூடு நடந்தது. நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிய 1952 ஆயிற்று. நாங்கள் ஆடும் அதே ஆண்டுகளில் இங்கே நடந்தவை இவை. திருட்டைத் தொழிலாகக் கொண்ட ஒரு கும்பலை அந்தக் காலத்துத் தமிழ்நாட்டில் வைத்தால், அந்தப் பெண்கள் எந்தச் சமூகத்தவர் என்ற கேள்வி மேசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைப் பொறுப்போடு கையாளக்கூடிய, அந்த வரலாற்றை உள்ளிருந்து அறிந்த ஒருவர் ஆட்டத்தை வடிவமைத்தால் முதல் ஆளாக ஆட உட்காருவேன். வார இறுதிப் பொழுதுபோக்காக வெளியிலிருந்து ஒருவர் அதைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வேறு நாட்டுப் பெண் கும்பல்களை வைத்து ஆட முடியுமா?

முடியும். ஜப்பானில் 1970களில் சீருடைப் பாவாடையை நீளமாக உடுத்தித் திரிந்த சுகேபான் எனப்படும் மாணவியர் கும்பல்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மான்செஸ்டர், சால்ஃபோர்டு தெருக்களில் சண்டையிட்ட ஸ்கட்லர் இளைஞர் கும்பல்களிலிருந்த பெண்கள் ஆகியோர் நல்ல களங்கள். இவற்றில் தெருச்சண்டை கூடுதலாக வருவதால், ஷேடோஸுக்குப் பதில் பிராவோஸ் என்ற கும்பல் வகையை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த மொழியில் ஆடுகிறீர்கள்?

தமிழில்தான், பேச்சுத் தமிழில். கிட்டியும் டாலியும் ஒருத்தியை ஒருத்தி 'வாடி, போடி' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். ராணியிடம் பேசும்போது மட்டும் 'அக்கா, நீங்க' வந்துவிடுகிறது. கடைக்காரர்களும் நீதிபதியும் விறைப்பான எழுத்துத் தமிழில் பேசுவார்கள். வர்க்க வேறுபாட்டைக் காட்ட எங்களுக்கு இதைவிட எளிய உத்தி கிடைக்கவில்லை.

எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு நேரமாகும், என்ன செலவாகும்?

கேம் மாஸ்டரோடு சேர்த்து நான்கு அல்லது ஐந்து பேர் சரியான எண்ணிக்கை. ஆறு பேரானால் யாராவது ஒருவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க நேரும். ஒரு வேட்டையும் அதன் பின்விளைவுகளும் ஏறத்தாழ மூன்று மணிநேரத்தில் முடியும். பத்துப் பன்னிரண்டு அமர்வுகளில் ஒரு கும்பலின் எழுச்சியும் உடைவும் முழுக்கதையாக வந்துவிடும். விதிகளின் சுருக்கப் பதிப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறார்கள், பாத்திரத் தாள்களையும் காசின்றிப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். அவை ஆங்கிலத்தில் இருப்பதால் குழுவில் ஒருவராவது படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். பகடைகளுக்குத் தனியாகக் கடைக்குப் போகவேண்டாம், வீட்டிலுள்ள லூடோ போன்ற விளையாட்டுப் பெட்டிகளில் ஆறுமுகப் பகடைகள் நான்கைந்து தேறினால் அவையே போதும். பவுண்டுக்கு இருபது ஷில்லிங், ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்ற பழைய நாணயக் கணக்கை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். பங்கு பிரிக்கும் காட்சியில் கணக்குத் தெரிந்தவள் கையில்தான் அதிகாரம் இருக்கும்.